பாட்டும் பேரேடும்

கல்லூரி விடுதியில் எங்கள் அறையில் இருந்த நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அறைத்தோழி ஒருத்தியின் அண்ணன் சென்னையிலிருந்து அனுப்பிய கேசட்டுகளில் எல்விஸ் பிரெஸ்லியின் கேசட்டும் ஒன்று. அதில் ‘ஹவுண்ட் டாக்’ பாட்டு வந்துவிட்டால் யாராவது ஒருத்தி எழுந்து ஆடுவாள். எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. நாயைத் திட்டுகிற விளையாட்டுப் பாட்டு என்று மட்டும் புரிந்துவைத்திருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, விரிவுரையாளராகச் சேர்ந்த பிறகு, அதே பாட்டை வில்லி மே தார்ன்டன் குரலில் கேட்டேன். ‘பிக் மாமா’ என்று அழைக்கப்பட்ட கறுப்பினப் பாடகி. எல்விஸ் பாடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்த இசைத்தட்டு அது. அதில் வரும் நாய் நாய் இல்லை. தன் சம்பாத்தியத்தில் தின்றுவிட்டு ஊர் மேயும் ஒருவனை வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, ‘உன்னை எனக்குத் தெரியும், போ’ என்று விரட்டுகிற பெண்ணின் பாட்டு. அவர் உறுமுகிறார், எக்காளமிடுகிறார், நடுவில் கிட்டார்க்காரரைப் பார்த்துப் பேசுகிறார். அவசரமே இல்லை. நான் விடுதியில் கேட்டது அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு மிச்சம் வைத்த பாட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தப் பாட்டு அவரிடமிருந்து இவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் படித்தபோது, ப்ளூஸ் என்ற இசை ராக் என்ற தொழிலாக மாறிய வரலாறு முழுதும் கூடவே வந்தது. அந்த வரலாற்றை வழக்கமாக எழுதுபவர்கள், 1940களிலும் 50களிலும் முளைத்த சின்னச் சின்ன சுயாதீன இசைத்தட்டு நிறுவனங்களின் வீரக் கதையாக எழுதுவார்கள். துணிச்சலான முதலாளிகள், கார் டிக்கியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன ஆண்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த நிறுவனங்களின் பேரேட்டைத் திறந்து, யார் பாடினார், யார் பெயர் எழுதப்பட்டது, யாருக்குப் பணம் போனது என்று வரி வரியாகப் பார்த்தால் வேறொரு கதையும் இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது அதைத்தான்.

முதலில் பாடியவர்கள்

ப்ளூஸ் என்றதும் கிட்டாரோடு சாலைச் சந்திப்பில் நிற்கும் தனி ஆண் ஒருவரின் படம் பலர் மனத்தில் வரும். அந்தப் படம் பிற்காலத்தில் வரையப்பட்டது. ப்ளூஸை இசைத்தட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் மேமி ஸ்மித், ஓகே ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காக ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடினார். கறுப்பினப் பாடகி ஒருவர் பாடிப் பதிவான முதல் ப்ளூஸ் பாட்டு அதுதான். கறுப்பு மக்கள் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்களா என்று கம்பெனிகள் தயங்கிக்கொண்டிருந்தன. பாட்டை எழுதிய பெர்ரி பிராட்ஃபோர்ட் கம்பெனி கம்பெனியாகப் படியேறி வாதாடி வாங்கிய வாய்ப்பு அது. தட்டு விற்ற வேகத்தைப் பார்த்த பிறகு தயக்கம் பறந்துவிட்டது. ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத்துக்கான தட்டுகள் என்று தனி வரிசையே தொடங்கினார்கள். நிறப் பாகுபாடு பள்ளிக்கூடத்திலும் ரயில்பெட்டியிலும் இருந்ததுபோல இசைத்தட்டுப் பட்டியலிலும் தனிப் பக்கமாக வந்து உட்கார்ந்தது.

அடுத்த சில ஆண்டுகள் பெண்களின் ஆண்டுகள். மா ரெய்னி 1923 முதல் 1928 வரை பாரமவுண்ட் நிறுவனத்துக்கு ஏறக்குறைய நூறு பாடல்கள் பாடினார். இந்த பாரமவுண்ட், விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்து விற்ற கம்பெனி ஒன்றின் கிளை. கிராமபோன் பெட்டி செய்யப்போய், பெட்டி விற்கத் தட்டும் வேண்டுமே என்று தட்டு போட ஆரம்பித்தவர்கள். பெஸ்ஸி ஸ்மித் 1923இல் கொலம்பியாவில் பாடிய முதல் தட்டு பல லட்சம் விற்று, தள்ளாடிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தை நிமிர்த்தியது. அவருக்குப் பாட்டு ஒன்றுக்கு 125 டாலர். எத்தனை லட்சம் விற்றாலும் அவ்வளவுதான். விற்பனையில் பங்கு கிடையாது. அந்தப் பாட்டை லவி ஆஸ்டினோடு சேர்ந்து எழுதியவர் ஆல்பர்ட்டா ஹன்டர் என்ற இன்னொரு பாடகி. பாட்டின் உரிமை கைமாறிய விதத்தில் தனக்கு வரவேண்டியது வரவில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார். இடையில் இருபது ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்துவிட்டு, எண்பது வயதைத் தாண்டிய பிறகு மீண்டும் மேடையேறிப் பாடியவர் அவர்.

இந்தப் பெண்கள் என்ன பாடினார்கள் என்பதை ஏஞ்சலா டேவிஸ் 1998இல் வெளியிட்ட ‘ப்ளூஸ் லெகசீஸ் அண்ட் பிளாக் ஃபெமினிசம்’ என்ற நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ரெய்னி, பெஸ்ஸி இருவரின் பாடல்களையும் தட்டைப் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுத்தில் வடித்துச் சேர்த்திருக்கிறார். அவற்றில் கல்யாணக் கனவு அதிகமில்லை. அடிக்கிற கணவன், கூலி, வெள்ளம், சிறை, ரயிலேறிப் போய்விடும் ஆசை, உடலின் ஆசை, பெண்ணுக்குப் பெண்மேல் வரும் காதல் எல்லாம் உண்டு. அடிமைமுறை முடிந்து இரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது. தன் உடல் தன்னுடையது, தான் விரும்பிய ஊருக்குப் போகலாம், விரும்பியவரோடு இருக்கலாம் என்பதே புதிய விடுதலையாக இருந்தது என்கிறார் டேவிஸ். மா ரெய்னி 1928இல் ஆணுடை அணிந்து பெண்களோடு சுற்றுவதைப் பற்றித் துணிந்து பாடியபோது, பாரமவுண்ட் அதையே விளம்பரப் படமாக வரைந்து விற்றது. விற்கும் என்றால் எந்தக் கலகத்தையும் அச்சிடுவார்கள். அதே ஆண்டோடு ரெய்னியின் பாணி பழையதாகிவிட்டது என்று சொல்லி நிறுத்தியும்விட்டார்கள்.

கறுப்பினத்தவரே நடத்திய நிறுவனம் இல்லாமல் இல்லை. 1921இல் ஹார்லெமில் ஹாரி பேஸ் ‘பிளாக் ஸ்வான்’ தொடங்கினார். ஆனால் மரியாதையான குடும்பங்கள் கேட்கும் இசையைத் தர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு. பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் முரட்டுத்தனமாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உழைக்கும் பெண்ணின் குரலை ‘நாகரிகமில்லை’ என்று ஒதுக்குவதற்கு வெள்ளையராக இருக்க வேண்டியதில்லை.

அரக்கும் சின்னக் கம்பெனிகளும்

1929இன் பொருளாதார வீழ்ச்சியில் இசைத்தட்டு விற்பனை சரிந்தது. பாரமவுண்ட் 1930களின் தொடக்கத்தில் பதிவையே நிறுத்தியது. எஞ்சிய பெரிய கம்பெனிகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. அடுத்து உலகப் போர் வந்தது. இந்த இடத்தில் நம் நாடும் கதைக்குள் வருகிறது.

அந்தக் காலத் தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டவை. பாண்டவர்களைக் கொல்லக் கட்டிய அரக்கு மாளிகையின் அதே அரக்கு. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து போனது. மரக்கிளைகளில் பூச்சி சுரந்த பிசினைச் சுரண்டிச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிகள். பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் பதிந்திருந்த பொருள், தங்கள் பெயரை எங்கும் கண்டிராத அவர்களின் கை உழைப்பு. போரினால் கப்பல் வரத்து தடைப்பட, அரக்கு போர்த்தளவாட உற்பத்திக்கும் தேவைப்பட, 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. இருக்கிற அரக்கை எந்தத் தட்டுக்குச் செலவழிப்பது என்று பெரிய கம்பெனிகள் யோசித்தபோது முதலில் அடிபட்டது கறுப்பினத்தவருக்கான வரிசைதான்.

ஆனால் கேட்கிற காதுகள் அதே நேரத்தில் பெருகிக்கொண்டிருந்தன. தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் சிகாகோ, டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலிஸ் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் சம்பளம் இருந்தது. இரைச்சலான மதுக்கூடங்களில் சாதாரணக் கிட்டார் கேட்காது. மின்சாரக் கிட்டார் வேண்டியிருந்தது. 1942ஆம் ஆண்டின் கடைசி இரவில் சிகாகோவில் மெம்ஃபிஸ் மின்னி என்ற பெண் குளிர்சாதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மின்சாரக் கிட்டார் வாசித்ததைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ் தன் பத்திரிகைப் பத்தியில் எழுதியிருக்கிறார். ராக் என்ற சொல் பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஒலி அங்கே, ஒரு பெண்ணின் விரலில் இருந்தது.

பெரியவர்கள் விட்டுப்போன இந்தச் சந்தையில்தான் சின்னவர்கள் நுழைந்தார்கள். சின்சினாட்டியில் கிங், லாஸ் ஏஞ்சலிஸில் மாடர்ன், ஸ்பெஷாலிட்டி, நியூயார்க்கில் அட்லான்டிக், சிகாகோவில் செஸ், ஹூஸ்டனில் பீகாக், மெம்ஃபிஸில் சன். பெரிய மூலதனம் தேவைப்படவில்லை. காந்த நாடாவில் பதிவு செய்யும் கருவி வந்தபின் ஒரு கடைக்குப் பின்னறையே ஒலிப்பதிவுக்கூடம் ஆனது. தட்டு அழுத்தித் தர வெளி ஆலைகள் இருந்தன. மதுக்கூடங்களில் நாணயம் போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ்கள் மொத்தமாக வாங்கின. கறுப்பு மக்களுக்கான வானொலி நிகழ்ச்சிகள் விளம்பரம் செய்தன. 1949இல் ‘பில்போர்ட்’ இதழ் ‘ரேஸ்’ என்ற தலைப்பை நீக்கி ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது.

இந்தச் சின்ன நிறுவனங்களின் உள்ளே பெண்கள் இருந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு, ஏன் ஆச்சரியப்பட்டேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. செஸ் நிறுவனம் முதலில் ‘அரிஸ்டோக்ராட்’ என்ற பெயரில் 1947இல் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவர் ஏவ்லின் ஆரன். மடி வாட்டர்ஸின் குரலில் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் அவர். அட்லான்டிக்கின் வரவு செலவு முழுவதும் மிரியம் ஆப்ரம்சன் கையில் இருந்தது. பீகாக்கின் அலுவலகத்தை நடத்தியவர் ஏவ்லின் ஜான்சன். இந்தியானாவில் இசைத்தட்டுக் கடையும் வானொலி நிகழ்ச்சியும் நடத்திய விவியன் கார்ட்டர் என்ற கறுப்பினப் பெண், தன் துணைவர் ஜேம்ஸ் பிராக்கனோடு சேர்ந்து அடகுக்காரரிடம் கடன் வாங்கி 1953இல் வீ-ஜே நிறுவனத்தைத் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து பீட்டில்ஸ் குழுவின் பாடல்களை அமெரிக்காவில் முதலில் வெளியிட்டது அந்த நிறுவனம்தான். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் மரச்சாமான் கடை நடத்திய லிலியன் மெக்மரி என்ற வெள்ளைப் பெண், பழைய சரக்கில் கிடந்த தட்டொன்றைக் கேட்டு மயங்கி, டிரம்பெட் நிறுவனத்தைத் தொடங்கினார். நிறவெறி உச்சத்தில் இருந்த ஊரில் கறுப்பினக் கலைஞர்களைக் கடைக்குள் அழைத்துப் பதிவு செய்தார். ஒழுங்காகப் பங்குத்தொகை கொடுத்தார். 1955இல் கடனோடு மூடினார். சன்னி பாய் வில்லியம்சனின் கல்லறைக்குப் பின்னாளில் கல் நட்டவரும் அவரே.

பொதுவான வரலாறுகளில் இவர்கள் ‘மனைவி’, ‘உதவியாளர்’, ‘வரவேற்பாளர்’. 1953 கோடையில் எல்விஸ் என்ற பதினெட்டு வயதுப் பையன் காசு கொடுத்துத் தன் குரலைப் பதிவு செய்ய மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் கூடத்துக்கு வந்தபோது மேசையில் இருந்தவர் மேரியன் கைஸ்கர். பையனின் பெயரைக் குறித்துவைத்து முதலாளிக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருந்ததும் அவர்தான். அன்று பதிவுக் கருவியை இயக்கியது தான்தான் என்று கைஸ்கர் சொன்னார். இல்லை, நான் என்று ஃபிலிப்ஸ் சொன்னார். அந்தச் சண்டை தீரவே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தியது யார் என்பதற்குக்கூட ஒரு பெண் இத்தனை காலம் வழக்காட வேண்டியிருக்கிறது.

கணக்கு எழுதும் முறை

இனி பேரேடு. இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது.

ஒரு தட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. பாட்டை எழுதியவருக்கு ஒன்று, பாடியவருக்கு ஒன்று. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடி வெளியிடலாம். தட்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட் எழுதியவர் பக்கம் கொடுத்தால் போதும். அந்த இரண்டு சென்ட்டில் பாதி பதிப்பகத்துக்கு. பெரும்பாலான சின்ன முதலாளிகள் தாங்களே ஒரு பதிப்பகமும் வைத்திருந்தார்கள். சிலர் பாட்டெழுதியவர் பெயரோடு தங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். சக் பெர்ரியின் ‘மேபெலின்’ 1955இல் செஸ்ஸிலிருந்து வந்தபோது, அதை வானொலியில் சுழலவிட்ட ஆலன் ஃப்ரீட் பெயரும் பாடலாசிரியர் என்று அச்சாகியிருந்தது.

பாடியவருக்கோ சட்டப் பாதுகாப்பே இல்லை. ஒலிப்பதிவுக்கு மத்தியச் சட்டத்தில் பதிப்புரிமை வந்தது 1972இல்தான். அதுவரை முதலாளியோடு போட்ட ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். ஒரு பேச்சுக்கு, தட்டுக்கு மூன்று சென்ட் பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் தட்டு விற்றால் 3,000 டாலர். அதில் ஒலிப்பதிவுக் கூட வாடகை, வாத்தியக்காரர் கூலி, முன்பணம், பஸ் செலவு எல்லாம் கழியும். அடுத்த தட்டு ஓடவில்லை என்றால் அந்தச் செலவும் முந்தைய தட்டின் கணக்கில் ஏறும். ஆண்டுக் கடைசியில் பாடகி கம்பெனிக்குக் கடன்பட்டவராக இருப்பார். எத்தனை விற்றது என்ற கணக்கும் கம்பெனியிடமே இருக்கும். தெற்கில் குத்தகை விவசாயத்தை விட்டு ஓடிவந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருந்திருக்காது. அங்கே பண்ணையார் எழுதிய கணக்கும் இதே மாதிரிதான் முடியும்.

எல்லா முதலாளிகளும் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. இவர்கள் இல்லாவிட்டால் பல குரல்கள் பதிவாகியே இருக்காது, அது உண்மை. பீகாக்கின் டான் ராபி கறுப்பினத்தவர். மெக்மரி நேர்மையானவர். ஆனால் நேர்மையாகப் பணம் கொடுத்த மெக்மரியின் கம்பெனி ஐந்தாண்டில் மூடியது. கொடுக்காதவர்களின் கம்பெனிகள் நிலைத்தன.

ஐந்நூறு டாலர்

1952 ஆகஸ்ட் 13 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஜானி ஓட்டிஸ் குழுவோடு வில்லி மே தார்ன்டன் ‘ஹவுண்ட் டாக்’ பாடினார். எழுதியவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற பத்தொன்பது வயது வெள்ளை இளைஞர்கள். 1953இல் பீகாக் வெளியிட்டது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். இதற்காகத் தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தட்டு ஓடியதும், அதற்கு எதிர்ப்பாட்டாக மெம்ஃபிஸின் சன் நிறுவனம் ‘பேர் கேட்’ என்ற ஒன்றை ரூஃபஸ் தாமஸைப் பாடவைத்து வெளியிட்டது. மெட்டைத் திருடிவிட்டார்கள் என்று ராபி வழக்குத் தொடுத்து வென்றார். ஒரு பெண்ணின் குரலால் மதிப்புப் பெற்ற மெட்டுக்காக இரண்டு கம்பெனிகள் நீதிமன்றத்தில் நின்றன. அந்தப் பெண் வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. இந்தத் தோல்வி சன்னின் பணமுடையைக் கூட்டியது. 1955 நவம்பரில் சாம் ஃபிலிப்ஸ் தன்னிடமிருந்த எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ என்ற பெரிய நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். 1956 கோடையில் அதே ஆர்சிஏவில் எல்விஸ் பாடிய ‘ஹவுண்ட் டாக்’ உலகம் முழுதும் போனது. லாஸ் வேகாஸில் ஒரு வெள்ளைக் குழு மாற்றிப் பாடிக்கொண்டிருந்த வடிவம் அது. வாசலில் நின்ற பெண்ணும் அவள் விரட்டிய ஆளும் போய், நிஜ நாய் வந்திருந்தது. எழுதிய இளைஞர்களுக்குப் பங்கு போனது. முதலில் பாடியவருக்கு எதுவும் போகவில்லை. சட்டப்படி போகவேண்டியதும் இல்லை.

ஒரு சின்ன நிறுவனம் கண்டெடுக்கும். பெரிய நிறுவனம் வாங்கும். நடுவில் நிறம் மாறும், பால் மாறும். ‘ப்ளூஸ் ராக் ஆனது’ என்று ஒரே வரியில் சொல்வது நடைமுறையில் இப்படித்தான் நடந்தது.

அட்லான்டிக்கின் லவர்ன் பேக்கருக்கு இதைவிட வெளிப்படையாக நடந்தது. அவர் பாடிய ‘ட்வீட்லி டீ’ ஏறிக்கொண்டிருந்தபோதே மெர்க்குரி என்ற பெரிய நிறுவனம் ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகியை வைத்து, பேக்கரின் நெளிவு சுளிவு, வாத்திய அமைப்பு எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்து வெளியிட்டது. பெரிய வானொலிகள் அதைத்தான் போட்டன. அடுத்து, பதினாறு வயது எட்டா ஜேம்ஸ் மாடர்ன் நிறுவனத்துக்குப் பாடிய பாட்டு. அதில் ஆசை வெளிப்படையாக இருக்கிறதென்று, ‘நடனம்’ என்ற சொல்லைப் போட்டுச் சுத்தம் செய்து மீண்டும் கிப்ஸைப் பாடவைத்தார்கள். அது முதலிடம் போனது. லவர்ன் பேக்கர் 1955இல் டெட்ராய்டின் நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதினார். மெட்டுக்கும் சொல்லுக்கும் உரிமை இருப்பதுபோல, ஒருவர் பாடி உருவாக்கும் அமைப்புக்கும் சட்டம் உரிமை தரவேண்டும் என்று கேட்டார். சட்டம் மாறவில்லை. ஆனாலும் புலம்பாமல் சட்டத்தை மாற்று என்று கேட்ட அந்தப் பெண்ணின் கடிதத்தை நான் இந்த வரலாற்றின் முக்கியமான ஆவணமாக நினைக்கிறேன்.

கிட்டாரும் கல்லறையும்

1960களில் இந்தத் தட்டுகள் கடல் தாண்டின. இங்கிலாந்தின் இளைஞர்கள் செஸ் தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டார்கள். மடி வாட்டர்ஸ் பாட்டொன்றிலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரை எடுத்தார்கள். சின்னக் கம்பெனிகள் அப்போதுதான் பெரிய விலைக்குப் போயின. அட்லான்டிக் 1967இல் 1 கோடியே 75 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. செஸ் 1969இல் கைமாறியது. ராக் என்பது கிட்டார் பிடித்த இளம் ஆண்களின் இசை என்று ஆனது. சர்ச்சிலும் மேடையிலும் மின்சாரக் கிட்டாரை அதிரவைத்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் பெயர் மங்கியது. 1986இல் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ முதல் வரிசைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. தார்ப்புக்கு 2018இலும் தார்ன்டனுக்கு 2024இலும்தான் இடம் கிடைத்தது.

லெட் செப்பலின் 1971இல் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாடியது. 1927இன் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோவும் 1929இல் பதிவு செய்த பாட்டு. மின்னியின் பெயரை உறையில் போட்டார்கள். அந்த மட்டில் நல்லது. தட்டு லட்சக்கணக்கில் விற்றபோது மின்னி பக்கவாதத்தால் மெம்ஃபிஸின் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தார். 1973இல் இறந்தார். அதே குழுவின் இன்னொரு பெரிய பாட்டில் வில்லி டிக்சனின் பாட்டு ஒளிந்திருப்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் டிக்சனின் மகள் ஷர்லி. வழக்கு 1987இல் சமரசமாக முடிந்தது. டிக்சன் இறந்தபின் அவர் மனைவி மேரி, சிகாகோவில் செஸ் நிறுவனம் இருந்த கட்டடத்தையே வாங்கி, கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளையின் இடமாக்கினார். அந்த வீட்டு ஆண்களின் உழைப்பைக் கணக்குப் பார்த்து மீட்டவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்.

பணத்தை முழுவதும் எதிர்த்து நின்று கேட்டவர் ரூத் பிரவுன். அட்லான்டிக்கின் தொடக்க வெற்றிகள் பெரும்பாலும் அவருடையவை. ‘ரூத் கட்டிய வீடு’ என்றே அந்த நிறுவனத்துக்குப் பட்டப்பெயர். 1961இல் அங்கிருந்து விலகியபின் பிள்ளைகளை வளர்க்கப் பள்ளிப் பேருந்து ஓட்டினார். வீடுகளில் வேலை செய்தார். தான் துடைத்துக்கொண்டிருக்கும் வீட்டு வானொலியில் தன் பாட்டே வரக்கூடிய காலம் அது. பங்கு கேட்டபோது, நீதான் எங்களுக்குப் பாக்கி என்றது பேரேடு. 1980களில் ஹவல் பெகிள் என்ற வழக்கறிஞர் துணையோடு போராடினார். நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். 1988இல் அட்லான்டிக் பணிந்தது. ரூத் பிரவுனோடு சேர்த்துப் பல பழைய கலைஞர்களின் ‘கடன்’ தள்ளுபடியாகி, பங்குத்தொகை கணக்கிடப்பட்டது. முதிய கலைஞர்களுக்கு உதவ ‘ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன்’ உருவானது. தனக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் எல்லோருடைய பேரேட்டையும் திறக்கச் சொன்னார்.

தார்ன்டன் அவ்வளவு காலம் இருக்கவில்லை. அவர் எழுதிய ‘பால் அண்ட் செயின்’ பாட்டை 1967இல் மான்டரே விழாவில் பாடித்தான் ஜானிஸ் ஜாப்ளின் நாடறிந்தவரானார். ஜாப்ளின் அதை மறைக்கவில்லை. தார்ன்டனின் பெயரைச் சொன்னார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் வாடகை அறைகள் கொண்ட விடுதி ஒன்றில், உடல் மெலிந்து, ஐம்பத்தேழு வயதில் தார்ன்டன் இறந்தார்.

1937இல் இறந்த பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறைக்கு 33 ஆண்டுகள் பெயர்க்கல் இல்லை. 1970 ஆகஸ்டில் கல் நட்டவர்கள் இருவர். ஒருவர் ஜானிஸ் ஜாப்ளின். இரண்டு மாதத்தில் அவரும் இறந்துபோனார். மற்றவர் ஜுவனீட்டா கிரீன்; சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் தரை துடைத்தவர். மெம்ஃபிஸ் மின்னிக்கு 1996இல் பானி ரெய்ட் என்ற கிட்டார்க் கலைஞரின் செலவில் கல் வந்தது. தார்ப்புக்கு அதற்கும் பிறகுதான்.

என் பின்னிணைப்பு

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஒரு விடுமுறையில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை எடுத்துப் புரட்டினேன். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பற்றியது. காவிரிக் கடைமடை ஊர்களில் இருபத்தாறு பெண்களிடம் பாடல்கள் பதிவு செய்தேன். பின்னிணைப்பில் அவர்கள் ‘தகவலாளி 1’, ‘தகவலாளி 2’ என்று வரிசையாக நிற்கிறார்கள். வயது, சாதி, ஊர் எல்லாம் உண்டு. பெயர் இல்லை. ஆய்வு முறை அப்படித்தான் என்று சொல்லித் தந்தார்கள்; நானும் கேட்கவில்லை. பிறகு அது நூலாக வந்தது. அட்டையில் என் பெயர். அந்த நூல் எனக்கு வேலைக்கான நேர்காணலில் உதவியது.

நூல் வந்ததும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதிகம் பாடித் தந்த அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “ஏம் ஆயி, பாடுனது நானு. எம்பேரு எதுல இருக்கு?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் பதிப்புக்காகப் பழைய கேசட்டுகளையும் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு பெயர்களைத் தேடினேன். இருபத்துமூன்று பேர் கிடைத்தார்கள். அந்தந்தப் பாட்டின் தலைப்பிலேயே பெயரைப் போட்டாயிற்று. வரும் உரிமைத்தொகை பெரிதில்லை. அதைப் பிரித்து அவர்களுக்கோ, இல்லாதவர்களின் பெண்மக்களுக்கோ அனுப்புகிறேன். என்னிடம் கேட்ட அம்மா பதிப்பு வருவதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார். பேத்தி வாங்கிக்கொண்டாள். மீதி மூன்று பேரின் குரல் மட்டும் கேசட்டில் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் மறுபடி போய் விசாரிக்க வேண்டும்.